மூன்று எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிகின்றன: மீட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எட்டு ஆண்டுகள் ஓடிய என் காரில் இரண்டு வாரங்களாக ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுப்பது), பவர் ஸ்டியரிங் ஆகிய மூன்று விளக்குகளும் ஒன்றாக எரிகின்றன. சாவியைத் திருப்பியதும் எல்லா விளக்குகளும் எரிந்து முறையாக அணைந்துவிடுகின்றன. ஆனால் வண்டி நகர்ந்து சற்று வேகம் பிடித்ததும் இம்மூன்று மட்டும் திரும்ப வருவதோடு, ஸ்டியரிங்கும் கனத்துவிடுகிறது. அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் சில வேளைகளில் சரியாகிவிடும். என்னிடமுள்ள சிறிய ப்ளூடூத் ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு எதுவும் வரவில்லை. மீட்டர் போர்டு போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். அவர் சொல்வது சரிதானா?

பதில் 1

மீட்டரைத் தொட வேண்டாம். அது கெட்டிருந்தால் விளக்கு மட்டும்தான் தவறாக எரியும், ஸ்டியரிங் கனக்காது. காரிலுள்ள மற்ற கணினிகள் கேன் இணைப்பு (எல்லாக் கணினிகளும் பேசிக்கொள்ளும் பொதுக் கம்பி) வழியாக அனுப்பும் செய்தியை வைத்தே மீட்டர் விளக்கை எரிக்கிறது; வர வேண்டிய செய்தி வராமல் நின்றாலும் எரிக்கும்.

உங்கள் ஸ்கேனர் பெரும்பாலும் எஞ்சின் கணினியின் ‘பி’ வரிசைக் குறியீடுகளை மட்டுமே படிக்கும். பிரேக், ஸ்டியரிங் கணினிகளில் பதிவாகும் ‘சி’, ‘யு’ வரிசைகளைப் பார்க்க, எல்லாக் கணினிகளோடும் பேசக்கூடிய ஸ்கேனர் தேவை. எதையும் அழிப்பதற்கு முன் எந்தக் கணினியில் என்ன பதிவாகியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். எஞ்சினும் ஸ்டியரிங்கும் யு0121 காட்டினால், ‘ஏபிஎஸ் கணினியின் தொடர்பு அறுந்தது’ என்று இரண்டும் ஒருவரையே கைகாட்டுகின்றன என்று பொருள்.

பதில் 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அந்தக் குறியீட்டைப் பார்த்தவுடன் ஏபிஎஸ் கணினியை விலை கேட்கப் போய்விடாதீர்கள். பல கார்களில் ஏபிஎஸ் கணினி, வண்டி நகர்ந்தவுடன் தன் பம்ப்பை ஒரு நொடி ஓட்டிச் சோதித்துக்கொள்ளும். அப்போது மின்னோட்டம் திடீரென்று ஏறுவதால், எர்த் இணைப்பு (வண்டியின் உடல் வழியாக பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் பாதை) சரியில்லாவிட்டால் கணினிக்குக் கிடைக்கும் வோல்டேஜ் சரிந்து அது வாயடைத்துப் போகும். நீங்கள் சொல்லும் அறிகுறி இதற்குத்தான் பொருந்துகிறது.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனரைச் செருகும் சாக்கெட்டின் 6, 14 ஆம் பின்களுக்கு இடையே மின்தடையை அளந்தால், கேன் கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருப்பதால் சுமார் 60 ஓம் வரும். 120 வந்தால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. இடையில் கேட்வே (சாக்கெட்டையும் கேன் கம்பியையும் பிரிக்கும் இடைக்கணினி) உள்ள கார்களில் இந்த அளவை நம்ப முடியாது.

எர்த்தை ஓம் அளவால் சோதிப்பது வீண். நூலிழை அளவு கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் நல்லதென்றே சொல்லும். பேட்டரியை மீண்டும் மாட்டி, ஸ்கேனர் மூலம் பம்ப்பை ஓட்டிக்கொண்டே, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஏபிஎஸ் எர்த் கம்பிக்கும் இடையே வோல்டேஜை அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் ஆள் அகப்பட்டான்.

கேட்டவர்

நன்றி. வேறொரு ஸ்கேனரில் யு0121 எஞ்சினிலும் ஸ்டியரிங்கிலும் பதிவாகியிருந்தது. ஏபிஎஸ் கணினியிலோ வோல்டேஜ் குறைவு என்ற பதிவு மட்டுமே இருந்தது. பேட்டரி சரி, 60 ஓமும் சரி. பம்ப் ஓடும்போது எர்த்தில் 1.9 வோல்ட் காட்டியது! பேட்டரித் தட்டுக்குக் கீழே இருந்த எர்த் போல்ட்டைக் கழற்றினால், லக்கின் (கம்பி முனையிலுள்ள உலோக வளையம்) அடிப்பக்கம் முழுவதும் பச்சை பூத்திருந்தது. மேலிருந்து பார்த்தால் பளிச்சென்றே தெரிந்தது. சுரண்டி இறுக்கிய பின் 0.04 வோல்ட். ஐந்து நாட்களாக விளக்கு எதுவும் வரவில்லை. ஆனால் எர்த் ஏபிஎஸ்ஸுடையதாக இருக்க, ஸ்டியரிங் ஏன் கனத்தது?

பதில் 2

வண்டியின் வேகத்தை ஸ்டியரிங் கணினி ஏபிஎஸ்ஸிடமிருந்துதான் கேட்டறிகிறது. வேகம் தெரியாதபோது, அதிவேகத்தில் ஸ்டியரிங் இலகுவாகிவிடக் கூடாது என்பதற்காக உதவியைக் குறைத்துக்கொள்ளும்படி பல கார்களில் அமைத்திருப்பார்கள். போல்ட்டின் மீது ஈரம் புகாதபடி கிரீஸ் பூசிவிடுங்கள். மேலேயுள்ள தட்டில் பேட்டரி அமிலம் கசிந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அந்தப் பச்சை மறுபடியும் பூக்கும்.