லுவார் ஆற்றங்கரை மாளிகைகள்: அம்மாவுடன் செல்ல எவற்றைத் தெரிவு செய்யலாம்?

கேள்வி (பண்டாரவளை)

பாரிஸ் புறநகரில் வசிக்கும் என் தங்கை, வரும் ஜூன் மாதத்தில் எங்களை லுவார் ஆற்றுப் பகுதிக்கு அழைத்துச் செல்லவிருக்கிறாள். அங்குள்ள மாளிகைகளின் பட்டியலைப் பார்த்தே களைத்துவிட்டோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. சைவ உணவு மட்டுமே உண்பார். ஆனால் தோட்டத்தில் இறங்கிவிட்டால் அவருக்குப் பொழுது போவதே தெரியாது. கணவர் நீண்டகாலம் தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றியவர் என்பதால், வைன் எவ்வாறு உருவாகிறது என்று பார்க்க ஆவலாக உள்ளார். ஒரு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் எங்கு தங்கி, எவற்றைப் பார்க்கலாம்?

மறுமொழி (நுவரெலியா, தற்போது பிரான்ஸ்)

பாரிஸிலிருந்து நாள்தோறும் போய்வரும் எண்ணம் இருந்தால் அதை முதலில் கைவிடுங்கள். மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தூர் நகரை அடுத்த சென்-பியேர்-தெ-கோர் நிலையத்தை அடையலாம். தூர் நகரிலோ அம்புவாஸிலோ தங்கி, நாளொன்றுக்கு ஒரு மாளிகை என்று வைத்துக்கொள்வதே அம்மாவின் முழங்காலுக்கு நல்லது.

ஷெனொன்சோவைத் தவறவிடாதீர்கள். தூரிலிருந்து செல்லும் ரயில் மாளிகை வாயிலுக்கு அருகிலேயே நிற்கும். மன்னர் இரண்டாம் ஹென்றி இதைத் தம் காதலி தியானுக்கு வழங்கினார். தியான் ஷெர் ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினார். 1559 இல் மன்னர் இறந்ததும், அரசி கத்தரீன் தியானை வெளியேற்றி, மாற்றாக ஷோமோன் மாளிகையைக் கொடுத்துவிட்டு, அதே பாலத்தின் மேல் நீண்ட மண்டபம் ஒன்றை எழுப்பினார். முதலாம் உலகப் போரில் அம்மண்டபத்தில் காயமுற்ற படையினருக்கான கட்டில்கள் போடப்பட்டிருந்தன. மாளிகையின் இருபுறமும் அவ்விரு பெண்களின் பெயரிலும் தனித்தனித் தோட்டங்கள் இன்றும் உள்ளன. சக்களத்திச் சண்டையைப் பூக்களிலும் விட்டுவைக்கவில்லை போலும்.

அம்மாவுக்கு உரிய இடம் வில்லாந்திரி. 1906 இல் அதை வாங்கிய ஸ்பானிய மருத்துவர் ஜோக்கிம் கர்வாயோ, பிற்காலத்தில் போடப்பட்டிருந்த ஆங்கிலப் பாணிப் பூங்காவை அகற்றிவிட்டு, மறுமலர்ச்சிக் காலத் தோட்டத்தை மீள அமைத்தார். அங்குள்ள காய்கறித் தோட்டம் ஒன்பது சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் வெவ்வேறு கோலத்தில் நடப்பட்டிருக்கும். நம் மலைச்சரிவுகளில் பாத்தி கட்டி லொறியில் ஏற்றும் அதே கோவாவும் லீக்ஸும் பீட்ரூட்டும் இங்கே நிறத்துக்கு நிறம் பொருத்தி வரிசையாக நிற்பதைப் பார்த்தால், எதைச் சமைப்பது எதை ரசிப்பது என்றே புரியாது. மேல்தளத்திலிருந்து பார்த்தால்தான் கோலம் முழுமையாகத் தெரியும். எனினும் கீழே நடப்பதும் அம்மாவுக்குச் சிரமமாக இராது.

உணவில் கவனம் தேவை. தூர் நகரத்தார் பெருமையாகப் பரிமாறும் ரியெத் பன்றி இறைச்சியில் செய்யப்படுவது. நடுவில் வைக்கோல் தண்டு செருகிய சென்ட்-மோர் ஆட்டுப்பால் சீஸ் சுவையானதுதான். ஆனால் இங்குள்ள பாரம்பரியச் சீஸ் வகைகளுக்குப் பாலை உறையவைப்பது பெரும்பாலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொமூர் பக்கம் அடுப்பிலிருந்து சூடாக வரும் ஃபுவே என்ற சிறு ரொட்டியை அவித்த வெள்ளை அவரை விதையுடன் தருவார்கள். அதில் இறைச்சி சேர்ந்துள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி (ஹட்டன்)

கணவரை வைனுக்குப் பெயர்பெற்ற வூவ்ரே என்ற ஊருக்கு அழைத்துச் செல்லுங்கள். மாளிகைகள் கட்ட வெட்டியெடுத்த மென்மையான தூஃபோ சுண்ணக்கல் விட்டுச்சென்ற குகைகளே அங்கு வைன் கிடங்குகள். ஜூனிலும் குளிரும் என்பதால் சுவெட்டர் அவசியம். ஊவாவில் ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று ஒரே செடியின் கொழுந்துக்குத் தனி மணம் தருவதுபோல, அங்கும் ஷெனன் பிளான் என்ற ஒரே திராட்சை, குளிர்ந்த ஆண்டில் இனிப்பற்ற வைனாகவும், இலையுதிர்காலம் வெயிலாக நீண்ட ஆண்டில் இனிப்பு வைனாகவும் மாறுகிறது. சுவைத்துத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள். தேயிலைக்காரருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஷம்போர் மாளிகையை விட்டுவிடலாமா? தங்கை அதைத்தான் வலியுறுத்துகிறாள்.

மறுமொழி (நுவரெலியா, தற்போது பிரான்ஸ்)

நேரம் மிஞ்சினால் மட்டும் செல்லுங்கள். 1519 இல் முதலாம் பிரான்சுவா தொடங்கிய அம்மாளிகையில், அவரே தம் ஆட்சிக்காலம் முழுவதிலும் தங்கியது சில வாரங்கள்தாம். ஏறுபவரும் இறங்குபவரும் எதிர்ப்படாதவாறு பின்னிச் செல்லும் அதன் இரட்டைச் சுருள் படிக்கட்டை அம்மா கீழ்த்தளத்தில் நின்றே பார்க்கலாம். கூரைத் தளத்துக்கு நீங்கள் மட்டும் ஏறுங்கள். சுற்றுலாக் காலத்தில் புளுவா நகரிலிருந்து பஸ் உண்டு.