மறு: ‘கன்டினியூட்டி’ – பதின்பருவத் துப்பறியும் தொடர்களுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

ஒரு தொடரின் நூல்கள் ஒன்றையொன்று சுட்டுவதையும், ஒன்றில் நடந்தது மற்றவற்றிலும் நிலைப்பதையும் ஆங்கிலத்தில் ‘கன்டினியூட்டி’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ‘தொடர்ச்சி’, ‘நூலிணைப்பு’ என்ற இரண்டு பரிந்துரைகளுக்குத்தான் ஆதரவு கூடியிருக்கிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. நூல்வரிசையையே ‘தொடர்’ என்கிறோம். ‘தொடரின் தொடர்ச்சி’ என்று எழுதினால் அடுத்த பாகம் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். ‘நூலிணைப்பு’ புத்தகம் தைக்கிற வேலைபோல ஒலிக்கிறது. இதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு வேறு பொருள்களை ஒரே சொல்லுக்குள் அடைக்கப் பார்க்கிறோம் என்பது.

முதல் பொருளுக்கு, நான்சி ட்ரூ என்ற பதின்பருவப் பெண் துப்பறியும் அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1930இல் முதல் மூன்று நூல்களும் ஒன்றாக வெளிவந்தன. அட்டையில் கரோலின் கீன் என்ற பெயர் இருந்தாலும் அது புனைபெயர். ஸ்ட்ராட்மெயர் நிறுவனம் கதைச்சுருக்கம் கொடுக்க, வெவ்வேறு எழுத்தாளர்கள் எழுதினார்கள். எழுதும் கை மாறினாலும் ஒரு வழக்கம் மாறவில்லை. தொடக்க அத்தியாயங்களில் நான்சி முன்பு துலக்கிய வழக்கு ஒன்று பேச்சுவாக்கில் வரும். கடைசிப் பக்கத்தில் அடுத்து அவளுக்குக் காத்திருக்கும் மர்மம் தலைப்போடு சொல்லப்படும். அந்த இரண்டு வரிகளையும் வெட்டிவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த நூலை வாங்கவைக்கும் வரிகள் அவை. அப்படியானாலும், எந்த நூல் எதற்கு முந்தியது என்று வாசகர் கண்டுகொண்டது அவற்றால்தான்.

இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். பவணந்தியார் நன்னூலில் அடுக்கும் முப்பத்திரண்டு உத்திகளுள் ‘மாட்டெறிந்தொழுகல்’ இருக்கிறது: ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தோடு பொருத்திக் காட்டுவது. அதே நூற்பாவில் ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ என்றும் உண்டு. பின்னால் சொல்வோம் என்பது ஒன்று, முன்பே சொன்னோம் என்பது மற்றது. நான்சி நூல்களின் கடைசிப் பக்கமும் தொடக்கமும் அப்படியே இதில் அடங்கிவிடுகின்றன. இலக்கண நூலுக்கு வகுத்த உத்தியைச் சிறுவர் கதைக்கு எடுத்தாள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை, வேலை ஒன்றுதான். ஆகவே முந்தைய நூலையோ அடுத்த நூலையோ சுட்டும் இத்தகைய வரிகளுக்குப் பொதுப்பெயர் ‘மாட்டேறு’.

> முன்சுட்டு, பின்சுட்டு என்று எளிமையாக வைத்துவிடலாமே?

வேண்டாம் என்பேன். ‘முன்னொரு காலத்தில்’ என்றால் கடந்தது. ‘முன்னே போ’ என்றால் இனி வருவது. ‘முன்சுட்டு’ எந்தப் பக்கம் சுட்டுகிறது என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கும். ‘சென்றநூல் மாட்டேறு’, ‘வருநூல் மாட்டேறு’ என்றால் குழப்பமில்லை. நீளம்தான், ஆனால் தெளிவு முக்கியம்.

இனி இரண்டாவது பொருள். நான் மிகவும் மதிக்கும் எடுத்துக்காட்டு, ராபர்ட் ஆர்தர் 1964இல் தொடங்கிய மூன்று துப்பறிவாளர்கள் தொடரில் வருகிறது. முதல் நூலில், துப்பறியும் மூன்று பையன்களில் ஒருவனான ஜூபிடர் ஜோன்ஸ் ஒரு போட்டியில் வென்று, ஓட்டுநரோடு கூடிய ரோல்ஸ் ராய்ஸ் காரை 30 நாள் பயன்படுத்தும் உரிமையைப் பெறுகிறான். வேறொரு தொடராக இருந்தால் அந்த 30 நாளுக்கு முடிவே வந்திருக்காது. இங்கே நாள் தீர்ந்துபோகிறது, கார் கைவிட்டுப் போகும் நிலை வருகிறது. ஏழாவது நூலில் அவர்கள் உதவிய ஆகஸ்ட் என்ற இளைஞன், இனியும் அவர்களுக்கு அந்தக் கார் கிடைக்க நன்றியோடு ஏற்பாடு செய்கிறான். அதற்குப் பிறகு வாசலில் கார் வந்து நிற்கும்போதெல்லாம் ஏழாவது நூலில் நடந்தது அதற்குப் பின்னால் இருக்கிறது. ஒருவரும் அதை நினைவுபடுத்தாத பக்கங்களிலும் இருக்கிறது. மாட்டேறு என்று இதைச் சொல்ல முடியாது. இங்கே எதையும் எடுத்துக் கூறவில்லை. ஒரு கதை நடந்து முடிந்ததால் அடுத்த கதையின் நிலைமை மாறியிருக்கிறது.

இதற்கு ‘கதையெச்சம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். எச்சம் என்றால் எஞ்சி நிற்பது. இலக்கணத்தில் பெயரெச்சமும் வினையெச்சமும் முடிக்கும் சொல்லை எதிர்நோக்கி நிற்பவை. எஞ்சுதல், எதிர்நோக்குதல் என்ற இரண்டு பொருளும் நமக்குத் தேவை.

> எச்சம் என்றதும் பறவை எச்சம்தான் நினைவுக்கு வரும்.

தனிச்சொல்லாக நின்றால் வரலாம். ‘கதை’ சேர்ந்தபின் வராது. ‘வினையெச்சம்’ என்று படிக்கும்போது யாருக்கும் பறவை நினைவு வருவதில்லை.

கதையெச்சத்துக்கு எல்லையும் உண்டு என்பதை, ஃபிராங்க், ஜோ என்ற இரு சகோதரர்கள் துப்பறியும் ஹார்டி சகோதரர்கள் தொடர் காட்டுகிறது. 1987இல் சற்றே வளர்ந்த வாசகர்களுக்காகத் தொடங்கிய துணைத்தொடரின் முதல் நூலிலேயே, ஜோவின் தோழி அயோலா கார் வெடிகுண்டில் இறந்துபோகிறாள். அந்தத் துயரம் ஜோவைப் பின்வரும் நூல்களிலும் விடவில்லை. அதே காலத்தில் வந்துகொண்டிருந்த மூலத்தொடரில் அயோலா உயிரோடு இருக்கிறாள். அட்டையில் ஆசிரியர் பெயர் ஒன்றுதான், பாத்திரங்களும் அவர்களே. ஆகவே வரையறையில் ‘ஒரே கதையுலகுக்குள்’ என்ற சொற்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மூலத்தொடர் நூல்கள் அனைத்தையும் பிழை என்று சொல்லிவிடுவோம்.

திருத்தப் பதிப்புகளையும் கவனிக்க வேண்டும். 1959 முதல் நான்சி நூல்கள் திருத்தி எழுதப்பட்டபோது அவளுடைய வயது 16இலிருந்து 18 ஆனது. தாயை இழந்தது பத்து வயதில் என்றிருந்தது மூன்று வயதில் என்றாயிற்று. பழைய நூலையும் புதிய நூலையும் கலந்து படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் முட்டிக்கொள்ளும். இதைக் குறிக்க ‘பதிப்பு முரண்’ போதும். பல்லாண்டு வெளிவந்தும் பாத்திரங்களுக்கு வயது ஏறாமல் இருப்பதை ‘நிலைவயது’ என்று நண்பர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். நல்ல சொல், அப்படியே ஏற்கிறேன்.

ஓர் இடத்தில் மட்டும் எனக்கு உங்கள் கருத்து தேவை. மூன்று துப்பறிவாளர்களின் இரண்டாவது நூலில் பையன்களோடு மோதும் ஓவியத் திருடன் ஹ்யூகனே, ஒன்பதாவது நூலில் திரும்பி வருகிறான். பழைய மோதல் பேச்சில் வரும் அளவில் அது மாட்டேறு. அவன் அவர்களை முன்பே அறிந்தவனாக, அவர்களின் திறமையை எடைபோட்டு நடந்துகொள்ளும்போது கதையெச்சம் என்று வகைப்படுத்துவேன். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு குறிப்பும் தரலாமா, அல்லது மீள்வரும் பாத்திரத்துக்கெனத் தனிச்சொல் வேண்டுமா? கலைச்சொல் பட்டியலை இறுதி செய்யும் முன் இதை மட்டும் பேசி முடித்துவிடுவோம்.

அன்புடன்