காற்று திரும்பிவிட்டது: கைக்கு வராத கொடுவாவும் ஒரு பருவமும்

நேற்றோடு எனக்கு இந்த மீன்பிடிப் பருவம் முடிந்தது. ஃப்ளை கோல் (தூண்டில் முள்ளில் முடி, இறகு கட்டிச் செய்யும் போலி இரையான ஃப்ளையை வீசும் கோல்) பிடிப்பவர்களுக்குத் தெரியும், நாம் வீசுவது லைனின், அதாவது தூண்டில் கயிற்றின், கனத்தை வைத்துத்தான், இரையின் கனத்தை வைத்து அல்ல. இந்த எதிர்காற்றில் டபுள் ஹால் போட்டாலும் (வீசும்போது மறு கையால் லைனை இரு முறை வெட்டி இழுத்து வேகம் கூட்டுவது) லைன் பாதி தூரத்தில் சுருண்டு விழுகிறது.

பருவம் முழுக்க என் நினைவில் நிற்பது ஒரே ஒரு கொடுவா மீன். பிடிக்காமல் விட்டது.

கடல் நீர் இறங்கும் நல்ல வற்று நேரம். அலையாத்திக் காட்டிலிருந்து சின்ன ஓடை ஒன்று கழிமுகத்தில் வந்து சேரும் இடம். தண்ணீர் இறங்க இறங்க, குஞ்சு மீனும் இறாலும் அந்த வாய் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். கொடுவா தேடி அலையாது; அங்கேயே ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்று காத்திருக்கும். அரை மணி நேரம் வீசாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். 'டப்' என்று ஒரு சத்தம். வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும் சத்தம் அது. ஒரு தடவை கேட்டால் மறக்காது.

லைன் நுனியில் கட்டியிருந்தது வெள்ளையும் பச்சையும் கலந்த க்ளவுசர் மின்னோ என்ற ஃப்ளை. பாப் க்ளவுசர் 1987-இல் ஆற்று மீனுக்காகக் கட்டிய ஃப்ளை. அதன் ஈயக் கண்களால் முள் மேல்நோக்கித் திரும்பியே வரும், அடியில் கிடக்கும் வேர்களில் அவ்வளவாக மாட்டாது.

மூன்றாவது வீச்சில் லைன் இறுகியது. நான் கோலைத் தூக்கிவிட்டேன். ஆற்றில் பழகிய கை. கொடுவாவுக்குக் கோலை மீனை நோக்கி நீட்டியபடியே வைத்து, இடது கையால் லைனைச் சட்டென்று வெடுக்கென இழுக்க வேண்டும். தூக்கினால் கோல் வளைந்து அந்த வேகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும், முள் ஏறாது. மீன் முழு உடம்பும் வெளியே தெரியத் துள்ளித் தலையை உதறியது. ஃப்ளை என் பக்கம் பறந்து வந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வீச்சிலும் "கோல் கீழே, கோல் கீழே" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். இரண்டு கொடுவா கிடைத்தது. இரண்டாவது நல்ல பெரியது. நுனியில் கட்டியிருந்த 40 பவுண்டு இழுவை தாங்கும் தங்கூசி (நைலான் நரம்பு) நார்நாராக உரிந்திருந்தது. அதன் வாய் அரம், செவுள் மூடியின் ஓரம் கத்தி. ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் தங்கூசியை விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

அதைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே முள்ளைக் கழற்றினேன். கொடுவா பெரும்பாலும் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறும் மீன். பெரியவைதான் முட்டையிடும் தாய்கள். ஓட்டத்துக்கு எதிரே பிடித்திருந்தேன். வால் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தது, கையை விட்டேன்.

நேற்று அதே ஓடை வாயில் மடவை மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது. ஏற்றம் தொடங்கும்வரை நின்றேன். வீடு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவி, டிராகை (லைன் ஓடுவதைத் தடுக்கும் பிரேக்கை) தளர்த்தி வைத்துவிட்டேன்.

காற்று திரும்பிய பிறகும் ஓடை வாய்களில் பெரிய கொடுவாவைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எந்த நீர்மட்டத்தில் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.