சாக்லேட் தாய்க்குப் பிறந்த கறுப்புக் குட்டிகள்: லேப்ரடூடில் நிறம் பற்றி நாங்கள் கண்டவை

மெல்பர்ன் உறுப்பினர்:

லேப்ரடார், பூடில் ஆகிய இரு நாய் இனங்களின் கலப்பே லேப்ரடூடில். எங்கள் தெருவில் வளரும் சாக்லேட் நிற லேப்ரடார் ஒன்று, ஏப்ரிகாட் நிற (வெளிர் ஆரஞ்சு) பூடிலோடு சேர்ந்து ஈன்ற குட்டிகள் ஒன்று விடாமல் கறுப்பாக இருந்தன. கேரமல் நிறக் குட்டி வேண்டும் என்று முன்பணம் கொடுத்திருந்தவர்கள் பின்வாங்கினார்கள். வேலி தாண்டி வேறு நாய் வந்திருக்குமோ என்று வீட்டாருக்கே ஐயம் எழுந்தது. கால்நடை மரபணு ஆய்வகத்தில் பணிபுரிபவள் என்பதால் என்னை அழைத்துக் கேட்டார்கள். இரு பெற்றோரின் கன்னத்தின் உட்புறத்தையும் பஞ்சால் துடைத்து எடுத்துச் சோதித்தபோது விடை தெளிவாகவே கிடைத்தது.

நாயின் உரோமத்துக்கு நிறம் தருபவை இரண்டே நிறமிகள்: கறுப்போ பழுப்போ தரும் யூமெலனின், இளமஞ்சள் முதல் செம்மை வரை தரும் ஃபியோமெலனின். யூமெலனின் கறுப்பாக அமையுமா பழுப்பாக அமையுமா என்பதை 'பி' மரபணுவும், அது உரோமத்தில் உருவாகுமா என்பதை 'ஈ' மரபணுவும் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு மரபணுவிலும் தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று என இரண்டு பிரதிகள் உண்டு; அவற்றின் மாற்று வடிவங்களே அல்லீல்கள். ஓங்கு அல்லீல் ஒன்று இருந்தாலே அதன் பண்பு வெளிப்படும், ஒடுங்கு அல்லீலின் பண்பு வெளிப்பட இரண்டும் வேண்டும். தாய்க்கு 'பி' இரண்டும் பழுப்பு தரும் ஒடுங்கு அல்லீல்கள், 'ஈ' இரண்டும் ஓங்கு அல்லீல்கள். தந்தைக்கு இதற்கு நேர்மாறு. ஆகவே ஒவ்வொரு குட்டிக்கும் தந்தை வழியில் கறுப்பும், தாய் வழியில் அந்தக் கறுப்பை உரோமத்தில் வெளிப்படுத்தும் திறனும் வந்து சேர்ந்தன. அந்தப் பூடிலின் உடல் முழுவதும் ஏப்ரிகாட்டாக இருந்தாலும் மூக்கும் கண் விளிம்பும் மையிட்டது போல் கறுத்திருந்தன. ஒடுங்கிய 'ஈ' உரோமத்தில்தான் கறுப்பைத் தடுக்குமே ஒழிய, தோலில் தடுப்பதில்லை. குட்டி வாங்கப் போகிறவர்கள் பெற்றோரின் மூக்கை உற்றுப் பார்க்க வேண்டும் என்று நான் எப்போதும் வற்புறுத்துவது இதனால்தான்.

இதே குட்டிகள் தங்களுக்குள் இணைந்தால் அடுத்த தலைமுறையில் கறுப்பு, பழுப்பு, மஞ்சள் வகை ஆகியவை சராசரியாக 9:3:4 என்ற விகிதத்தில் பிறக்கும். (உடன்பிறப்புகளை இணைப்பது தவறு, கணக்குக்காகச் சொல்கிறேன்.) மஞ்சள் வகையிலும் நான்கில் ஒன்றுக்குச் சராசரியாகப் பழுப்பு மூக்கு அமையும். அந்த மஞ்சள் வெளிர் கிரீமா அடர் செம்மையா என்பதைத் தீர்மானிப்பதில் வேறு பல மரபணுக்களுக்குப் பங்கு இருப்பதால், அதைப் பிறக்கும் முன்பே உறுதியாகச் சொல்லும் விற்பனையாளரை நான் நம்புவதில்லை.

1980களின் இறுதியில் விக்டோரியா மாநிலத்தில் நாய் வளர்ப்பாளர் வாலி கான்ரன் இந்தக் கலப்பைச் செய்தது, ஒவ்வாமை உள்ள ஒருவரின் வீட்டுக்கும் பொருந்தும், பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்க்காகவே. நிறம் அவருடைய நோக்கமே அல்ல.

சிட்னி உறுப்பினர்:

எங்கள் வீட்டுக் குட்டி வந்தபோது தூய கறுப்பு. சில மாதங்களில் முகவாயைக் கத்தரித்தபோது, உரோமத்தின் நுனி கறுப்பாகவும் அடி சாம்பலாகவும் இருந்ததைக் கண்டேன். பாத விரல்களிலும் அப்படியே. நோயோ சத்துக்குறைவோ என்று அஞ்சிக் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். தாய் வெள்ளி நிறப் பூடில் என்று தெரிந்ததும் அவர் விளக்கினார்: படிப்படியாக நரைக்கும் இப்பண்பு ஓங்கு பண்பு, ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும், முகத்திலும் பாதத்திலும் தொடங்கி உடல் முழுவதும் பரவும். பழுப்புக் குட்டிகளும் இவ்வாறே பாலேறிய காபி நிறத்துக்கு மாறுவதுண்டு. இன்று எங்கள் நாய் முழுச் சாம்பல், அந்த நிறம் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்த குட்டியைத் தேடியபோது, 'அரிய மெர்ல்' என்று சொல்லி திட்டுத்திட்டான சாம்பல் நிறக் குட்டிக்குக் கூடுதல் விலை கேட்டார்கள். மெர்ல் என்பது லேப்ரடாருக்கும் பூடிலுக்கும் உரிய நிறமன்று. வேறு இனம் எங்கோ கலந்திருக்கிறது என்றே பொருள். இரு பெற்றோரிடமிருந்தும் மெர்ல் அல்லீலைப் பெறும் குட்டிகளுக்குச் செவிட்டுத்தன்மையும் கண் குறைபாடும் நேர வாய்ப்பு அதிகம். இரு பெற்றோரின் மரபணுச் சோதனைத் தாளையும் கேட்டேன். தாயினுடையதை மட்டுமே காட்டியதால் குட்டியை வாங்காமல் திரும்பிவிட்டோம்.