பிரசங்கியார் கர்ணனைச் சாகவிடும் நாள்: நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

செய்யாற்றுக்காரன்:

பதினேழாம் நாள் போரை மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் ராத்திரி கூத்துக்கு வரும் கூட்டத்தில் பாதிகூட, மத்தியானம் பிரசங்கியார் மகாபாரதக் கதையைப் பாடிச் சொல்லும் பாரதத்துக்கு வராது. வயசான பெண்கள்தான் அதிகம். மேடையில் பிரசங்கியார் ஒருத்தர், பக்கத்தில் ஆர்மோனியம், மிருதங்கம், அவ்வளவுதான். வேஷம் கிடையாது. தோளில் ஒரு துண்டு. அடிபட்டுக் கிடக்கும் கர்ணனிடம் புண்ணியத்தைத் தானம் கேட்க கிருஷ்ணன் கிழட்டுப் பிராமணனாக வரும்போது துண்டு தலைக்குப் போனது. குரல் நடுங்கியது. அடுத்த கணம் அதே துண்டு மார்புக்கு வந்து, அம்பு தைத்த இடத்தில் அழுந்தியது. வில்லிபுத்தூரார் கவியைப் பாடினார்: "ஆவியோ நிலையில் கலங்கியது, யாக்கை அகத்ததோ புறத்ததோ அறியேன்." பாடிவிட்டுப் பேச்சில் சொன்னார்: "சாமி, உயிர் உள்ள இருக்குதா, வெளிய போயிடுச்சான்னு எனக்கே தெரியலையே. எல்லாம் வெச்சிருந்த காலத்துல வராம இப்ப வந்து நிக்கிறியே."

முன்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து நின்று, "குடுக்காதடா சாமி, குடுத்துடாத" என்று கத்தினார். பிரசங்கியார் அவரைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. துண்டை இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார். கர்ணன் தன் ரத்தத்தையே நீராக வார்த்து புண்ணியத்தைத் தாரை கொடுக்கிறான். அந்தக் கை முறுக்கியதை நான் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

எங்கள் அப்பா அந்தப் பங்குனியில்தான் தவறினார். கடைசி ராத்திரிகளில் "நான் வீட்லதான் இருக்கேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மருந்து மயக்கம் என்றார்கள். அந்தக் கவியைக் கேட்ட பிறகு என்னால் அதை அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் பழைய பாட்டு, அப்பா கேட்டதைத்தான் கேட்கிறது.

போளூர் மருமகள்:

எங்கள் வீட்டில் மாமாவின் கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைத்தோம். எங்கள் மாவட்டத்தில் இது சகஜம், செத்தவர்களுக்கு மோட்சம் கிடைக்கும் என்று வைப்பார்கள். நீங்கள் சொல்வது ஒற்றை ஆள் உட்கார்ந்து சொல்வது, நாங்கள் பார்த்தது விடிய விடியக் கூத்து. ஆனாலும் எழுதத் தோன்றியது.

எனக்கு நின்றுபோனது கர்ணன் சாவு இல்லை, அவன் போருக்குப் போகும் முன் மனைவி பொன்னுருவியிடம் விடை கேட்க வரும் இடம். தேரோட்டி மகன் என்று அவனை அண்ட விடாதவள். அவன் யார் என்று தெரிந்துகொள்ளும்போது நேரம் முடிந்துவிட்டது. அத்தை அதுவரை உள்ளேதான் இருந்தார். அந்தப் பாட்டுக்கு வெளியே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமாவும் அத்தையும் கடைசி சில வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அத்தை அழவில்லை. கூத்துக் கோமாளி கட்டியக்காரன் வேடிக்கை பண்ணும்போதும் அதே மாதிரி நின்றார். ஒரு வார்த்தைகூட அதைப் பற்றி இதுவரை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வில்லி வாசகர்:

போளூர் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கருமாதிக் கூத்தையும் பாரதப் பிரசங்கத்தையும் ஒன்றாகப் பேசக் கூடாது. கூத்தில் பாத்திரம் அழும். பிரசங்கத்தில் சாகிறவன், கொல்கிறவன், மடியில் போட்டு அழும் குந்தி எல்லாம் ஒரே தொண்டை. அதனால்தான் அது வேறு மாதிரி இறங்குகிறது. நான் அபிமன்யு வதம் கேட்டிருக்கிறேன். பிரசங்கியார் பாதியில் நிறுத்திச் சொம்புத் தண்ணீரைக் குடித்தார், அந்த இடைவெளியில் ஒருத்தர்கூட அசையவில்லை.

இனி கேட்கப் போகிறவர்களுக்கு: தயவுசெய்து கர்ணன் நாளுக்கு மட்டும் போகாதீர்கள். சூதாட்டத்துக்கு முன்பிருந்தே போங்கள், முடியாவிட்டால் கிருஷ்ணன் தூதிலிருந்தாவது. குந்தி தன் மகன் கர்ணனிடம் வந்து, மற்ற பிள்ளைகளுக்காக வரம் வாங்கிப் போனதைக் கேட்காதவருக்கு, களத்தில் அவள் ஓடி வருவது பாதிதான் புரியும். திருவிழாக்கள் பெரும்பாலும் பங்குனியில் தொடங்கி ஆடிக்குள் நடக்கும், ஊருக்கு ஊர் தேதி மாறும், கோயில் நோட்டீஸைத்தான் நம்ப வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்துச் சாயங்காலம் முடிப்பார்கள். பந்தலில் வெக்கை அதிகம், தண்ணீர் கொண்டுபோங்கள். வில்லி பாரதத்துக்கு வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரை இருக்கிறது. அன்றைய சருக்கத்தைக் காலையிலேயே படித்துவிட்டுப் போனால் கவி காதில் தங்கும். போனை நீட்டிப் படம் பிடிக்காதீர்கள், சொல்கிறவர் முகம் மாறிவிடுகிறது. முக்கியமாக, கர்ணனோடு எழுந்து வந்துவிடாதீர்கள். கடைசி நாள் காலையில் படுகளம் பாருங்கள். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், தொடையில் அடி விழுந்து, திரௌபதி அம்மன் தன் கூந்தலை அள்ளி முடிந்த பிறகு, அவனுக்காகவும் பெண்கள் ஒப்பாரி வைப்பார்கள். எதிரிக்கும் அழுது முடித்துவிட்டுத்தான் சாயங்காலம் தீ மிதிக்கிறார்கள். அதுவரைக்கும் இருந்தால்தான் பாரதம் கேட்டதாக அர்த்தம்.

பிலாய் பிள்ளை:

முதலிலிருந்து கேட்டால்தான் புரியும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்பாவுக்கு சத்தீஸ்கர் பிலாயில் வேலை, நான் வளர்ந்தது அங்கே. தீஜன் பாய் சொன்ன பாண்டவானியை, அந்தப் பக்கத்துப் பாரதக் கதை சொல்லும் கலையை, சின்ன வயசில் பார்த்தேன். அந்த அம்மாவும் பிலாய் பக்கம் கனியாரி கிராமம்தான். பெண்கள் உட்கார்ந்து மட்டும் பாடிய காலத்தில், ஆண்கள் மாதிரி நின்றுகொண்டு கதை சொன்னதற்காக சொந்த சாதியே ஒதுக்கிவைத்தது. அப்புறம் 2019இல் பத்ம விபூஷண் வரை கொடுத்தார்கள். நாங்கள் போனபோது கதை பாதி ஓடிவிட்டது, சத்தீஸ்கரி எனக்கு அப்போது அரைகுறை. துச்சாதன வதம். கையில் ஒரு தம்பூரா, அதுவே கதாயுதம், அதுவே வில், அதுவே தேர். பீமனாக அதை ஓங்கி இறக்கினார். சபை உறைந்து போனது. உடனே தம்பூராவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஆமா, ஆமா" போடும் பக்கப்பாட்டுக்காரர் ராகியைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டார். இப்போதுதான் ஒருத்தன் நெஞ்சைப் பிளந்த அதே முகம்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் இருக்கிறது. ஒரு கவியும் படிக்காமல், முன்கதை ஒன்றும் கேட்காமல் போன பிள்ளைக்குத்தான் இது நடந்தது. வில்லி வாசகர் அய்யா, நீங்கள் சொல்கிற மாதிரி தயார் செய்துகொண்டு போயிருந்தால் நான் அடுத்த வரியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.

வில்லி வாசகர்:

தம்பி, பாண்டவானி வேறு. அங்கே சொல்கிறவர் கதையை விட்டு வெளியே வந்து வந்து போவார், அதுதான் அந்தக் கலையின் பலம். எங்கள் பிரசங்கியார் கவியை விட்டு வெளியே வர முடியாது. கர்ணன் கடைசியில் கேட்கும் வரம், எந்தப் பிறவியிலும் கேட்டு வந்தவர்களுக்கு இல்லை என்று சொல்லாத மனசு வேண்டும் என்பது, கவியாகக் காதில் விழ வேண்டும். அதைச் சொல்வது என் கடமை.

செய்யாற்றுக்காரன்:

சண்டை வேண்டாம், இரண்டு பேர் சொல்வதும் நடக்கிறதுதான். அந்தப் பாட்டி முதல் நாளிலிருந்து உட்கார்ந்து கேட்டவர். நான் அன்றைக்குத்தான் போனேன். இரண்டு பேருக்கும் அந்தக் கை ஒன்றுதான்.

போளூர் அக்கா, உங்கள் அத்தை பேசாமல் இருப்பதைப் பற்றி நிறைய யோசித்தேன். எங்கள் அம்மாவும் அப்பா கேட்டதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் இந்த வருஷம் அவராகவே கர்ணன் நாளைக் கேட்க வேண்டும் என்கிறார். எங்கள் ஊர்த் திருவிழா முடிந்துவிட்டது. வந்தவாசி, ஆரணி பக்கம் வைகாசி, ஆனியில் பாரதம் வைக்கும் ஊர் யாருக்காவது தெரியுமா? பிரசங்கியார் யார் என்பதையும் சொல்லுங்கள். அம்மாவால் தரையில் உட்கார முடியாது, நாற்காலி போட இடம் இருக்கிற பந்தலாக இருந்தால் நல்லது.