தண்ணீர் றொக்கெட்டின் உந்துவிசையை அளக்க உதவி தேவை

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். கிளிநொச்சிப் பிள்ளைகளுக்காகக் கேட்கிறோம்.

வீட்டில் செய்த, எரிமருந்து அடைத்த றொக்கெட் மோட்டருக்குச் சான்றிதழ் எடுக்கப் பிள்ளைகள் வழி கேட்கிறார்கள். அமெரிக்காவின் திரிபோலி றொக்கெட் சங்கம்கூட உற்பத்தியாளர்களின் மோட்டர்களுக்கே சான்று கொடுக்கிறது. ஆகவே மருந்து வேண்டாம், தண்ணீரும் காற்றும் போதும். ஆனால் சோதனை சான்றுக்குரிய ஒழுங்கில் நடக்கவேண்டும்.

1.5 லீற்றர் சோடாப் போத்தல், அரை லீற்றர் தண்ணீர், 4 பார் அழுத்தம். போத்தல் வாய் கீழே, லோட் செல் (விசையை அளக்கும் உணரி) மேல் சட்டத்தில்; வாயை மேலே வைத்தால் காற்றுத்தான் முதலில் போகும். 21.5 மில்லிமீற்றர் வாயில் தொடக்க விசை கிட்டத்தட்ட 290 நியூற்றன். 20 கிலோ செல் தாங்காது, 50 கிலோ வேண்டும்.

சிக்கல் வேகத்தில். தண்ணீர் 0.06 செக்கனில் முடிந்துவிடும். லோட் செல்லை வாசிக்கும் எச்எக்ஸ்711 பலகை வழமையாகச் செக்கனுக்கு 10 அளவுதான் எடுக்கும். அதன் வேகத்தை மாற்றும் 'ரேட்' முனைக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்து 80 ஆக்கினாலும் நிலைப்பட 50 மில்லிசெக்கன் பிடிக்கும். விசை நேரத்தோடு மாறும் வளைகோட்டின் உச்சி மழுங்கிவிடும்.

இரண்டு உதவி:

லோட் செல்லின் சிறு மின்சைகையைப் பெருக்கும் ஐஎன்ஏ125 பெருக்கியை ஆடினோ என்ற சிறு கணினிப் பலகையுடன் இணைத்து செக்கனுக்கு 1000 அளவு எடுத்தவர்கள் இருந்தால் சுற்றுப்படம் தாருங்கள்.

மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் கடைச்சல் பட்டறை வைத்திருப்பவர்கள் போத்தல் வாயில் பொருத்த 9 மில்லிமீற்றர் துளையுள்ள பித்தளை மூக்கு கடைந்து தரமுடியுமா? விசை 50 நியூற்றனாகக் குறைந்து, நேரம் 0.3 செக்கன் வரை நீளும்.

பறக்கவிடுவது அறுவடை முடிந்த வயலில் மட்டும். பற்றைக்குள் விழுந்தால் விட்டுவிடுங்கள், கண்ணிவெடி அகற்றாத நிலம் இன்னும் இருக்கிறது.