‘ஃப்ரீக்கியர் ஃப்ரைடே’யை வீட்டுப் பெரியவர்களோடு பார்த்தவர்கள் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து:

2025 ஆகஸ்டில் வெளியான இந்த ஹாலிவுட் படத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில், ஜேமி லீ கர்ட்டிஸும் லிண்ட்சே லோஹனும் 22 ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவருக்கொருவர் ஈடுகொடுத்து நடித்திருப்பதைப் பாராட்டாதவர்கள் குறைவு. இதன் முந்தைய பாகமான 2003 ‘ஃப்ரீக்கி ஃப்ரைடே’யில் தாயும் மகளும் மட்டுமே ஒருவர் உடலுக்குள் மற்றவர் போய் மாறினார்கள். இதில் பாட்டி, மகள், பேத்தி, அந்த வீட்டுக்கு உறவாக வரப்போகும் இன்னொரு பெண் என நால்வர் மாறுவதால் யார் யாரென்று தெரியாமல் குழம்புகிறது என்பதே பலரும் சொன்ன குறை. முதுமையைக் கேலி செய்யும் வசனங்கள் சலித்துவிட்டன என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

எங்கள் வீட்டில் ஒரு சாந்திக்கு (வயது நிறைவு விழாவுக்கு) எல்லோரும் கூடியிருந்தபோது, பந்தி முடிந்த பிற்பகலில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் வளவில் (வீட்டின் நடு முற்றத்தை ஒட்டிய பகுதியில்) டிவியை வைத்து இதைப் போட்டார்கள். எண்பதை நெருங்கும் ஆயா (எங்கள் பாட்டி) தூணில் சாய்ந்து, பேரன் அவ்வப்போது சொல்லும் தமிழ் விளக்கத்தைக் கேட்டபடி பார்த்தார். பாட்டியின் உடலுக்குள் சிக்கிய பதின்வயதுப் பெண் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அலறும் இடத்தில், ஆயா என்ன நினைப்பாரோ என்று நாங்கள் தயங்க, அவரோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு நான் கேட்டதற்கு, “பச்சப் பிள்ளை திடீர்னு இந்த மூஞ்சியப் பாத்தா அலறத்தான் செய்யும். அதுல எனக்கென்ன கோவம்?” என்றார். அலறுவது யார் என்பதை அவர் கவனித்திருந்தார். முதுமையைப் படம் இழிவு செய்கிறது என்று எழுதியவர்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நால்வர் குழப்பமும் அவரை அசைக்கவில்லை. ஒரே வளவில் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பிரித்தறிந்தே பழகியவருக்கு நாலு பேர் ஒரு கணக்கா? அவர் கேட்டது வேறு: “கிழவி உடம்புக்குள்ள போன பிள்ளையத்தான் காட்டிக்கிட்டே இருக்கான். பிள்ளை உடம்புக்குள்ள போன கிழவி என்ன செஞ்சா?” என்னைக் கேட்டால் படத்தின் உண்மையான குறை இதுதான். முழங்கால் வலியில்லாமல் மறுபடி ஓட முடிகிறபோது ஒரு மூத்த பெண்ணுக்கு என்ன தோன்றும், எதை முதலில் செய்வாள், எதை வேண்டாமென்று விடுவாள் என்பதற்குப் படத்தில் போதிய இடமில்லை. நட்சத்திரங்கள் இருவரும் மூத்த உடல்களில் இருப்பதால் கேமராவும் அவர்கள் பின்னாலேயே போய்விடுகிறது. வயதாவதைப் பற்றிய படம் என்றாலும், வயதானவரின் மனம் அதில் ஓரத்தில்தான் நிற்கிறது.

தேவகோட்டையிலிருந்து:

ஆயாவின் கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால், உடல் மாற்றமாக இல்லாமல் இளமை திரும்பும் கதையாக இருந்தாலும், 2014-இல் வந்த கொரியப் படமான ‘மிஸ் கிரானி’யையோ, அதைத் தழுவி நந்தினி ரெட்டி தெலுங்கில் இயக்கிய ‘ஓ பேபி’யையோ (2019) அவருக்குக் காட்டுங்கள். என் ஆத்தா தெலுங்குப் படத்தைத்தான் பார்த்தார்கள். லட்சுமி ஏற்ற பாட்டி வேடம் சமந்தாவாக மாறிய பிறகும், பேச்சிலும் அதட்டலிலும் அந்தக் கிழவி அப்படியே இருப்பதுதான் அவர்களுக்குப் பிடித்தது. இரண்டாம் பாதி எனக்கு நீளமாகத்தான் பட்டது. ஆனால் பேரனுக்கு ரத்தம் கொடுத்தால் மறுபடி கிழவியாகிவிடுவோம் என்று தெரிந்தே அவள் கொடுக்கிற இடத்தில், அழுகைக் காட்சி என்று நான் ஒதுக்கப் பார்த்தபோது, ஆத்தா ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்ட ஔவையின் கதையை, பிள்ளையார்பட்டிக்குப் போகும்போதெல்லாம் எங்களுக்குச் சொன்னவர்கள் அவர்கள். “அவ ஒண்ணும் இழக்கலடா, வேணும்னுதான் திரும்பி வந்தா” என்றார்கள். ‘ஃப்ரீக்கியர் ஃப்ரைடே’யில் எல்லோரும் அவரவர் உடலுக்குத் திரும்புவது கதை முடிய வேண்டுமென்பதற்காக நடக்கிறது, ‘ஓ பேபி’யில் திரும்புவதை அவளே தேர்ந்தெடுக்கிறாள். இரண்டையும் ஒரே வகைப் படமென்று சேர்த்து மதிப்பெண் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.